கழுகுக் கதையும் கோப்புக் கதையும்

நாற்பது வயதானதும் கழுகு ஒரு மலை உச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். ஐந்து மாதம் அங்கேயே காத்திருக்குமாம். புது அலகு முளைத்ததும் பழைய நகங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியுமாம். அதற்கப்புறம் இன்னும் முப்பது வருஷம் ஜோராக வாழுமாம்.

வாட்ஸப்பில் இது உங்களுக்குப் பத்துத் தடவையாவது வந்திருக்கும். நான் சென்ற மாதம் இதை ஒரு அரசு அலுவலகத்தின் கூட்ட அரங்கில், ஏசி குளிரில் சால்வை இல்லாமல் உட்கார்ந்து கேட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளநிலை எழுத்தர்களுக்கு ஒருநாள் பயிற்சி. கடைசியில் 'மூத்தோர் அனுபவம்' என்று பதினைந்து நிமிஷம் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. கூப்பிட்டார்களே என்று இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் வெளியூர்க்காரர். இளைஞர், நல்ல குரல். காதருகே மைக் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே பேசினார். "இப்போதெல்லாம் பயிற்சி என்றால் ஸ்டோரி டெல்லிங்தான், கதை வழியாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும்" என்று ஆரம்பித்தார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஐம்பது வருஷமாக நான் சொல்லிவருவது அதுதானே! நிமிர்ந்து உட்கார்ந்தேன். வந்தது கழுகு. கழுகுக்குப் பின்னால் வெந்நீரில் உட்கார்ந்த தவளை. தவளைக்குப் பின்னால் கேரட், முட்டை, காப்பிக்கொட்டை மூன்றையும் கொதிக்கவைத்த ஒரு அம்மாள். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம். அதற்கப்புறம் திரையில் விதிகள். பணிப்பதிவேடு, விடுப்பு விதி, ஓய்வூதிய விதி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடின, திரைப்படம் முடிந்ததும் பெயர்கள் ஓடுமே, அந்த வேகத்தில்.

கழுகு அப்படிச் செய்யாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அலகு நம் விரல் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கிற பொருள். அதை உடைத்துக்கொண்ட பறவை இரை கிழிக்க முடியாமல் பட்டினியில் செத்துப்போகும். என் சண்டை அதைப் பற்றியதல்ல. நரி பேசுவதும் பொய்தான், அதை யாரும் குறை சொல்வதில்லை. கழுகுக் கதையைக் கேட்ட எழுத்தர் மறுநாள் காலை பத்து மணிக்கு மேஜைமுன் உட்கார்ந்து என்ன செய்வார்? எந்தத் தாளைப் புரட்டுவார்? எந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை நிறுத்துவார்? அதற்குப் பதில் இல்லாத கதை எப்படிப் பயிற்சி ஆகும்? அது பொழுதுபோக்கு. அதற்கு அரசாங்கப் பணம் எதற்கு? எட்டணாவுக்கு ரத்னா டாக்கீஸில் பார்த்திருக்கலாமே.

கதை சொல்லி வேலை கற்றுக்கொடுப்பது இவர்கள் நேற்றுக் கண்டுபிடித்த வித்தை ஒன்றுமில்லை. என்னைப்போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ரெசிதாசியோன் வகுப்பு ஞாபகம் இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லா ஃபோந்தேன் கதைப்பாட்டை ஒப்பிக்க வேண்டும். ஒரு வரி தவறினால் முசே முறைப்பார். அந்த லா ஃபோந்தேன் 1678-ல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பின் முன்னுரையில், பில்பே என்ற இந்திய ஞானிக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். நம் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகம், அரபி வழியாக மேற்கே போனபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிரான்சுக்குப் போன நம் சரக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் நமக்கே திருப்பி இறக்கினார்கள், நாங்களும் காலை ஒட்டி நின்று ஒப்பித்தோம்.

பஞ்சதந்திரம் எதற்காகச் சொல்லப்பட்டது? படிப்பு ஏறாத மூன்று ராஜகுமாரர்களை ஆறு மாதத்தில் ராஜ காரியத்துக்குத் தயார் செய்வதாக விஷ்ணுசர்மா ஒப்புக்கொள்கிறார். பயிற்சி ஒப்பந்தம் என்றே சொல்லலாம். நட்பை எப்படிப் பிரிப்பார்கள், எதிரியோடு எப்போது சேரலாம், கையில் இருப்பதை எப்படித் தொலைப்போம் என்று எல்லாமே அந்த வேலைக்குத் தேவையான சங்கதிகள். முதலில் ஒரு நீதி வரும், "அது எப்படி?" என்று ஒருவர் கேட்பார், அதற்கப்புறம் கதை வரும். நீதியும் கதையும் ஒரே முளையில் கட்டிய மாடுகள். நம் பயிற்சியிலோ காலையில் கதை, மத்தியானத்தில் விதி. நடுவில் சாம்பார் சாதம்.

வெள்ளைக்காரனுக்கும் இது தெரிந்திருந்தது. கும்பினியின் இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்றுக்கொடுக்க 1812-ல் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆரம்பித்தார்கள். அங்கே தமிழ் ஆசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். அது அச்சானது 1826-ல். அதே 1826-ல் பாரிஸில் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் வெளியிட்ட பாதிரியார் அபே துபுவா இந்தியாவுக்கு வந்ததும் முதலில் இறங்கியது நம் புதுச்சேரியில்தான். இதை எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. அறுபது வயதுக்குமேல் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1972-ல். பயிற்சி என்ற சொல்லே அன்று கிடையாது. என் ஆங்கிலம் அப்போது நொண்டும். நாங்கள் பிரெஞ்சில் படித்து முடிப்பதற்குள் அலுவலகங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. சூப்பரின்டென்ட் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு நிர்வாகத்திலும் வேலை பார்த்தவர், 1954 நவம்பருக்கு அப்புறம் அதே நாற்காலியில் உட்கார்ந்து இந்திய விதிகளையும் கற்றுக்கொண்டவர். வாயில் எப்போதும் வெற்றிலை. "தம்பி, இங்கே வா" என்று கூப்பிடுவார். கையில் ஒரு கோப்பு இருக்கும். விதிப் புத்தகத்தைத் திறக்கமாட்டார். கோப்பைத் திறப்பார், கதை ஆரம்பிக்கும்.

ஒன்று சொல்கிறேன். பாகூர் பக்கத்திலிருந்து ஒரு விதவை குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறார். அவருடைய திருமணப் பதிவு பிரெஞ்சு எத்தா சிவிலில் இருக்கிறது. அதில் அவர் பெயருடன் இருப்பது அப்பா வீட்டுப் பெயர். குடும்ப அட்டையில் இருப்பதோ புருஷன் பெயர். எழுத்தர் "பெயர் மாறுபடுகிறது, விளக்கம் தேவை" என்று எழுதித் திருப்பிவிட்டார். அந்த அம்மாள் எங்கேயோ ஒரு சான்று வாங்கிவந்தார். மறுபடியும் திருப்பினார்கள். மூன்றாம் முறை வந்தபோது பஸ்ஸுக்குக் காசில்லாமல் பாதி வழி நடந்து வந்திருக்கிறார். சூப்பரின்டென்ட் அதைக் கோப்பில் இருந்து படிக்கவில்லை, அந்த அம்மாள் வாயால் கேட்டது. அப்புறம்தான் விதி வந்தது. "பிரெஞ்சுச் சட்டத்தில் ஒருத்தருக்குப் பிறப்புப் பதிவில் என்ன பெயரோ அதுதான் சாகிறவரைக்கும் பெயர். கல்யாணம் ஆனாலும் பதிவில் மாறாது. அந்த அம்மா பெயர் எங்கேயும் மாறவில்லை தம்பி, நம்ம ஆளுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை."

இந்த ஒரு விதிக்காக எனக்கு நாற்பது ஸ்லைடு தேவைப்படவில்லை. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் எத்தா சிவில் நகல் ஒன்று என் மேஜைக்கு வந்தபோதெல்லாம் பாகூர் சாலையில் ஒரு அம்மாள் நடந்துவருவது தெரிந்தது. தெரிந்ததால், பெயர் மாறுபடுகிறது என்று எழுதுவதற்குமுன் எழுந்து போய் இன்னொருவரைக் கேட்டேன்.

நண்பர் ஒருவர், அவரும் நம்மைப்போல் ஓய்வூதியர், இதற்கு மறுப்புச் சொன்னார். "கதையில் விதி வழுக்கிவிடும். ஆளுக்கு ஆள் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். சுவாமி ஹேண்ட்புக்கில் இருப்பது எல்லோருக்கும் ஒன்று." நியாயமான பேச்சு. இன்னொன்றையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். அதே சூப்பரின்டென்ட் வாயிலிருந்து கெட்ட கதைகளும் வந்தன. எந்த அதிகாரியிடம் எந்த நேரத்தில் கோப்பை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்பது ஒரு கதை. எந்த ஊர்க்காரனை நம்பக்கூடாது என்பது இன்னொன்று. அவற்றையும் நான் பாடமாகவே கேட்டேன். அலுவலகத்தில் யாரும் கதையை நிறுத்திவிட முடியாது. பயிற்சி அரங்கில் நல்ல கதைக்கு இடம் இல்லையென்றால் டீக்கடையில் கெட்ட கதை அந்தப் பாடத்தை நடத்திவிடும். அதனால்தான் சொல்கிறேன், கதையை அரங்குக்குள் கூப்பிடுங்கள், பக்கத்தில் விதிப் புத்தகத்தையும் திறந்து வையுங்கள்.

வெளிநாட்டுச் சான்று சொன்னால்தான் நம் ஆட்களுக்குக் காது கேட்கும். அமெரிக்காவில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கிற மெக்கானிக்குகள் பின்னாலேயே சுற்றினார். 1996-ல் அதைப் புத்தகமாக எழுதினார். கம்பெனி அவர்களுக்குக் கையேடு கொடுத்திருந்தது, இந்தக் கோளாறு என்றால் இந்தப் படி, அதற்கப்புறம் இந்தப் படி என்று. கையேட்டில் இல்லாத கோளாறு வந்தபோது அவர்களைக் காப்பாற்றியது, சாப்பிடும்போதும் காப்பி குடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகள். போன வாரம் இன்ன இடத்தில் ஒரு மெஷின் என்னை எப்படி ஏமாற்றியது தெரியுமா, என்கிற ரகம். அவர்களில் யாரும் கழுகைப் பற்றிப் பேசியதாகப் புத்தகத்தில் இல்லை.

இனி என் பதினைந்து நிமிஷத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் எழுந்து ஒரு கதை சொன்னேன். முப்பது வருஷமாகப் பல பேருக்குச் சொன்ன கதை. 1974-ல் பழைய பணிப்பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். ஒரு காவலாளியின் பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருந்தது. பிரெஞ்சுக் கையெழுத்தில் 1 எழுதும்போது கீழிருந்து நீளமாக ஒரு கோடு ஏறி, அப்புறம் இறங்கும். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் கண்ணுக்கு அது அப்பட்டமாக 7. நிஜமான 7 என்றால் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும், ஆனால் அது தெரிந்தவருக்குத்தானே தெரியும்? டைப்பிஸ்ட் 1921-ஐ 1927 என்று தட்டிவிட்டார். அது பணிப்பதிவேட்டில் ஏறியது. "ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது" என்று ஒரு எழுத்தர் சுருக்கொப்பமும் போட்டார். அசல் நகலில் வருஷம் எண்ணில் மட்டும் இல்லை. மில் நேஃப் சான் வேன் தே அன் என்று எழுத்திலும் முழுதாக இருந்தது. அதே குத்தூசிக் கயிற்றில், இரண்டு தாள் கீழே. புரட்டியிருந்தால் போதும்.

அந்தக் காலத்தில் நான்காம் நிலை ஊழியருக்கு ஓய்வு வயது 60. அவர் 1981-ல் போயிருக்க வேண்டும். தணிக்கையில் கண்டுபிடித்தது 1983-ல். இரண்டு வருஷம் கூடுதலாக வேலை பார்த்துச் சம்பளம் வாங்கினார் என்று பணிக்கொடையைப் பிடித்து வைத்தார்கள். மனுஷன் ராத்திரியில் விழித்திருந்து காவல் காத்த இரண்டு வருஷம்! படிக்கத் தெரியாதவர். "என் வயசு எனக்கே தெரியாது சார், காகிதத்தைக் கொடுத்தேன், நீங்கதானே பார்த்து எழுதினீங்க" என்றார். மகள் கல்யாணம் தள்ளிப்போனது. பதினான்கு மாதம் நடந்தார். கடைசியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

அதனால்தான் பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுது என்று விதி இருக்கிறது. எண்ணைப் பார்க்காதே, எழுத்தைப் பார். நகலைப் பார்க்காதே, அசலைப் பார். திருத்தம் கேட்பதென்றால் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும், அதற்கப்புறம் கதவு மூடிவிடும். இதையெல்லாம் சொன்னேன். போன்கள் கீழே இறங்கியிருந்தன. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும்.

"ஐயா, அந்தச் சுருக்கொப்பம் போட்டது யாரு?"

"அது ரொம்ப நாள் ஆச்சும்மா. ஞாபகம் இல்லை" என்றேன்.

ஞாபகம் இருக்கிறது. அது என் ஒப்பம்.

அந்தப் பிரிவில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்ததே அதற்காக. மாதக் கடைசி, நாற்பது பதிவேடு மேஜையில். டைப் அடித்த நகலையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் 1927. ஒப்பம் போட்டேன். கீழே இருந்த தாளைத் தூக்கவில்லை. 1983-ல் விஷயம் வெடித்தபோது நான் வேறு பிரிவுக்கு மாறியிருந்தேன். விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது, "பணிச்சுமை" என்று எழுதிக் கொடுத்தேன், அதோடு முடிந்தது. எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. காவலாளி அலுவலக வராண்டாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வணக்கம் சொல்வார். அந்த ஒப்பம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது வீட்டுக்குப் போனேன், மாலை போட்டேன், அங்கேயும் வாய் திறக்கவில்லை.

முப்பது வருஷமாக அந்தக் கதையில் 'ஒரு எழுத்தர்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் கழுகுக்காரரை மனதுக்குள் திட்டித் தீர்த்த நான், மாலையில் அதே மேடையில் நின்று, கேட்ட ஒரே நல்ல கேள்விக்குப் பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தப் பெண் தெரிந்து கேட்டாளா என்று தெரியாது. தப்பு நடக்கும்போது அது செய்கிறவனுக்கு எப்படி இருக்கும், கை எப்படித் தானாகக் கையெழுத்துப் போடும், அன்றைக்கு என்ன அவசரம் என்று அவளுக்குத் தேவையான பாதிக் கதை அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதைச் சொல்லக்கூடியவன் அந்த அரங்கில் நான் ஒருவன்தான்.

கழுகுக்காரரை இப்போது கொஞ்சம் புரிகிறது. கழுகுக் கதையில் யாருக்கும் அவமானம் இல்லை. அதனால்தான் எல்லா அலுவலகமும் அதைக் காசு கொடுத்து வாங்குகிறது. தன் தப்பைச் சொந்த வாயால் சொல்கிறவனுக்கு அரசாங்கத்தில் நாற்காலி கிடையாது. விளக்கம் கேட்டுத்தான் காகிதம் வரும். பணியில் இருக்கிறவர் பயப்படுவது நியாயம். ஆனால் நமக்கு என்ன பயம்? ஓய்வூதியத்தைத் தவிர நம்மிடம் பிடுங்க என்ன இருக்கிறது? நானே எழுபது தாண்டியும் மூடி மறைத்தேன் என்றால் பயம் என்ற சொல் போதாது. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த பயிற்சியில் வெளியூர்ப் பேச்சாளர் வேண்டாம், அந்தப் பணத்தில் டீயும் பஜ்ஜியும் போதும். முடிந்துபோன பழைய கோப்புகளில் ஐந்தை எடுங்கள். பெயரை மறைத்து நகல் எடுத்து, ஆளுக்கு ஒன்று கையில் கொடுங்கள். தணிக்கைக் குறிப்பை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். தப்பு எந்தத் தாளில் இருக்கிறது என்று அவர்களே தேடட்டும். தேடி முடித்ததும் அந்தக் கோப்பில் கை வைத்த ஒரு கிழவனைக் கூப்பிட்டுப் பேச விடுங்கள். பக்கத்தில் விதிப் புத்தகத்தோடு ஒருவர் உட்காரட்டும், கிழவன் கூட்டிச் சொன்னால் திருத்தட்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. இந்த வலைப்பக்கத்தை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் கோப்போடு வாழ்ந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வந்து பேசத் தயாரென்றால் எனக்கு எழுதுங்கள். 'ஒரு எழுத்தர்' என்று ஆரம்பிக்கிற கதை வேண்டாம். என்னிடமே ஒன்று இருந்தது.

அந்தப் பெண் எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வாழ்நாள் சான்று விஷயமாக அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறவேண்டும், முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.